பழைய படகு இயந்திரமும் விற்பவன் அறிவும்

ஒழுக்கவியல் வகுப்புகளிலே எடுத்தாளப்படும் உதாரணங்கள் பெரும்பாலும் பெரியனவாகவே உள்ளன. பொய் கூறி ஓர் உயிரைக் காப்பது தகுமா, ஐவரைக் காப்பதற்காக ஒருவரைப் பலிகொடுக்கலாமா என்பன போன்ற வினாக்களை எழுப்பி நாம் மணிக்கணக்கில் விவாதிக்கின்றோம். அத்தகைய இக்கட்டினை வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரிற் சந்தித்தவர் நம்முள் எத்தனை பேர் உளர்? அன்றாட வாழ்வில் ஒழுக்கவியல் இத்துணை ஆரவாரத்தோடு வருவதில்லை. பழைய மிதிவண்டியை விற்கும்பொழுதும், ஒழுகும் வீட்டை வாடகைக்குக் கொடுக்கும்பொழுதும், கறவை குறைந்த பசுவைக் கைமாற்றும்பொழுதும் அஃது அரவமின்றி வந்து அருகே நிற்கின்றது. நாமோ அதனை வெறுங் கணக்கு வழக்கு என்று எண்ணிக் கடந்துவிடுகின்றோம். அத்தகையதொரு சிறிய விடயமே இக்கட்டுரையின் பொருளாகும். கடற்றொழிலாளி ஒருவர் தம் படகின் பழைய இயந்திரத்தைத் திருத்தி வைத்திருப்பதா, விற்றுவிடுவதா என்பதே அது.

என் சிறிய தந்தையார் பருத்தித்துறைக்குக் கிழக்கேயுள்ள கரையொன்றில் தொழில் செய்பவர். அவருடைய கண்ணாடியிழைப் படகின் பிற்புறத்தே பொருத்தப்பட்டிருந்தது 15 குதிரைவலுக் கொண்ட வெளியிணைப்பு இயந்திரம். பெற்றோலில் உயிர்ப்பித்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டப்படும் ஈரடிப்பு வகையைச் சார்ந்தது அது. கரையிலே எவரும் அதனை 'வெளியிணைப்பு இயந்திரம்' என்று சொல்வதில்லை. 'எஞ்சின்' என்றாற் போதும். அவ்வெஞ்சினுக்குத் தொழிலில் உள்ள இடத்தை அறிய வேண்டுமாயின் பங்கு பிரிக்கும் முறையை நோக்க வேண்டும். மீன் விற்ற பணத்தில் எரிபொருட் செலவைக் கழித்து எஞ்சியதைப் பங்கிடும்பொழுது ஆட்களுக்குப் பங்கு உண்டு. அவ்வாறே படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் பங்கு உண்டு. அப்பங்கு உடைமையாளருக்கே சேர்வதாயினும், கணக்கிலே எஞ்சின் ஒரு தொழிலாளியாகவே எண்ணப்படுகின்றது. ஆதலால், அதனை நிறுத்திவிடுவது பற்றிப் பேசும்பொழுது வீட்டிலே ஒரு வயோதிபரைப் பற்றிப் பேசுவது போன்ற தயக்கம் தோன்றுவதில் வியப்பில்லை.

திருத்துவதா விற்பதா என்ற வினாவின் பெரும்பகுதி கணக்குத்தான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒழுக்கவியலாக்கிப் பார்ப்பது தத்துவ மாணவருக்கு இயல்பாகத் தொற்றும் நோய்களுள் ஒன்று. சிறிய தந்தையாரின் கணக்கை மாற்றியது 2022 ஆம் ஆண்டு. எரிபொருள் தட்டுப்பாட்டினால் வரிசையில் நாட்கணக்கிற் காத்திருந்த அவ்வாண்டின் ஓகஸ்ட் மாதத்தில், லீற்றர் ஒன்று 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெயின் விலை 340 ரூபாவாயிற்று. உட்செலுத்தப்படும் எரிபொருளின் ஒரு பகுதியை எரிக்காமலே வெளியேற்றிவிடுவது பழைய ஈரடிப்பு இயந்திரங்களின் இயல்பு. மண்ணெண்ணெய் மலிவாயிருந்த காலத்தில் எவரும் பொருட்படுத்தாத அக்குறை, அம்மாதம் முதல் ஒவ்வொரு நாளும் கையிலிருந்து காசை எடுத்துக்கொண்டு போகத் தொடங்கிற்று.

இயந்திரம் திருத்துபவர் அதனைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்ன குறைகள் மூன்று. பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துவிட்டன, மாற்றலாம். அடிப்பகுதியிலுள்ள காப்பு வளையம் கசிகின்றது, கடல்நீர் உட்புகுவதால் கியர் எண்ணெய் பால் தேநீரின் நிறத்துக்கு மாறியிருக்கின்றது, அதனையும் மாற்றலாம். மூன்றாவது குறையே பெரியது. இவ்வகை இயந்திரம் கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது. உறிஞ்சிய நீரின் ஒரு பகுதி பின்புறத்தே சிறு தாரையாக வெளிவரும். அத்தாரை ஒழுங்காக வருகின்றதா என்று இடையிடையே திரும்பிப் பார்ப்பது கடலோடிகளின் பழக்கம். தொழில் முடிந்து வந்ததும் நன்னீர் நிறைந்த பீப்பாவில் இயந்திரத்தைச் சற்று நேரம் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். ஆயின், தண்ணீருக்கே தட்டுப்பாடான கரைகளில் அது நாள்தோறும் நடப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் படிந்த உப்பு, நீர் செல்லும் வழிகளை அடைத்ததோடு அவற்றின் அலுமினியச் சுவர்களையும் தின்றுவிட்டிருந்தது. தேய்ந்த உறுப்பை மாற்றலாம். உப்புத் தின்ற சுவரை மீண்டும் வளர்க்க இயலாது. திருத்துவதற்கான செலவோ அவ்வியந்திரம் அந்நிலையில் விலைபோகக்கூடிய தொகையின் பாதியை எட்டிற்று.

உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் இறுதியில் எஞ்சுவது அதே இயந்திரமா என்று இவ்விடத்திற் கேட்கத் தோன்றலாம். புளூட்டார்க் குறிப்பிட்ட தீசியஸின் கப்பலும், கழற்றிய பலகைகளைக் கொண்டு இரண்டாவது கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று பிற்காலத்தில் ஹொப்ஸ் எழுப்பிய வினாவும் மெய்யியல் மாணவர் யாவரும் அறிந்தவை. அழகிய புதிர்தான். ஆயினும் கடலுக்குப் போகிறவருக்கு அப்புதிரால் ஆவது ஒன்றுமில்லை. எஞ்சின் அதே எஞ்சினா என்பது அவர் கவலையன்று. அது திரும்பிவருமா என்பதே கவலை.

இதுவரை போட்ட காசு வீணாகலாகாது என்பதற்காக மேலும் காசு போடுவது அறிவுடைமையன்று என்று பொருளியலார் கூறுவர். அவர் கூற்று சரியே. சிறிய தந்தையாரும் பொருளியல் படிக்காமலே அவ்வாறு எண்ணினார். விற்பது என்று முடிவாயிற்று. கணக்கு அவ்விடத்தில் முடிகின்றது. என் ஆய்வுக்குரிய விடயம் அவ்விடத்திலிருந்தே தொடங்குகின்றது.

இதனை விளக்குவதற்கு முன்னர் நடந்த ஒன்றைக் கூறுதல் வேண்டும். 2011 ஆம் ஆண்டில் சிறிய தந்தையார் இதற்கு முன்பிருந்த இயந்திரத்தை விற்றார். வாங்கியவர் அயலூர் இளைஞர். போர் முடிந்து மீளக் குடியமர்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியவர். அவர் இயந்திரத்தைப் பீப்பாத் தண்ணீரில் ஓடவிட்டுப் பார்த்தார். பத்து நிமிடங்கள் அது குறையின்றி ஓடிற்று. பின்னர், "கடல்ல எப்படி அண்ணை?" என்று கேட்டார். "எனக்கு ஒருநாளும் நடுக்கடல்ல நிண்டதில்லைத் தம்பி" என்றார் சிறிய தந்தையார்.

அவர் கூறியதில் ஓர் எழுத்தும் பொய்யன்று. அவ்வியந்திரம் அவருக்கு ஒருநாளும் நின்றதில்லை. ஏன் நின்றதில்லை? ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடியதும் நீர்த்தாரை மெலியத் தொடங்கும் என்பதையும், அப்பொழுது வேகத்தைக் குறைத்து, தாரை வரும் துளையில் மெல்லிய கம்பியொன்றை விட்டுக் குத்தினால் அது மீண்டும் சீராகும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். கம்பி எப்பொழுதும் படகிலே செருகப்பட்டிருக்கும். அவருடைய கைகள் அதனைத் தாமாகவே செய்துவந்தமையால், இயந்திரத்தின் குறை அவருக்குக் குறையாகவே தோன்றாத நிலை வந்துவிட்டது. விற்ற அன்று இயந்திரம் கைமாறிற்று. அந்தக் கம்பி இவரிடமே நின்றுவிட்டது.

இரண்டாம் மாதம், சோளகக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்த நாளொன்றில், அவ்விளைஞரின் இயந்திரம் சூடேறி இறுகிப்போயிற்று. வாடைக் காற்றாக இருந்திருப்பின் அலை படகைக் கரைப்பக்கமே தள்ளியிருக்கும். சோளகமோ படகை ஆழ்கடலுக்குக் கொண்டுசென்றது. ஓர் இரவும் மறுநாட் பகலும் அவரும் உடன் சென்றவரும் மிதந்தனர். பின்னர் வேறொரு படகு கண்டு இழுத்துவந்தது. உயிருக்குக் கேடில்லை. அவர் வந்து சண்டை பிடிக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கவுமில்லை. அதன்பின் சிறிய தந்தையார் வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே வரவுமில்லை.

ஆங்கிலக் கணிதவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் கிங்டன் கிளிபோர்ட் 1877 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நம்பிக்கையின் ஒழுக்கவியல்' என்னும் கட்டுரை ஒரு கப்பலின் கதையோடு தொடங்குகின்றது. குடிபெயர்வோரை ஏற்றிச் செல்லவிருக்கும் பழைய கப்பல் ஒன்று, பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. உடைமையாளரின் உள்ளத்தில் ஐயம் எழுகின்றது. எத்தனையோ பயணங்களை முடித்த கப்பல், இம்முறையும் முடிக்கும் என்று சொல்லிச் சொல்லி அவர் அவ்வையத்தை அடக்கிவிடுகின்றார். இறுதியில் கப்பல் உறுதியானது என உண்மையாகவே நம்பத் தொடங்குகின்றார். கப்பல் மூழ்குகின்றது. அவர் குற்றவாளியே என்பது கிளிபோர்ட்டின் தீர்ப்பு. அவர் நம்பிக்கை உண்மையானது. ஆயின் அவ்வாறு நம்புவதற்கு அவருக்கு உரிமை இருக்கவில்லை. இதற்கு மேலும் ஒரு படி சென்று, கப்பல் மூழ்காமல் நலமே போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் குற்றம் சிறிதுங் குறையாது என்கின்றார் கிளிபோர்ட். செயல் செய்யப்பட்ட கணத்திலேயே அது சரியோ பிழையோ ஆகிவிடுகின்றது. பின்வரும் நற்பேறு அதனை மாற்றாது என்பது அவர் வாதம். இவர் 1870 ஆம் ஆண்டில் சூரிய கிரகணத்தை ஆராயச் சென்றபொழுது சிசிலிக் கரையருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கடலை அறியாதவர் எழுதிய உதாரணமன்று அது.

சிறிய தந்தையாரின் நிலையைக் கிளிபோர்ட்டின் அளவுகோலால் அளந்தால் அவரும் தப்பமாட்டார். இளைஞர் உயிரோடு மீண்டது இவருக்கு ஆறுதல் தரலாம்; விடுதலை தராது. எனினும் இருவரிடையேயும் ஒரு வேறுபாடு உண்டு. கிளிபோர்ட்டின் கப்பலுடைமையாளர் தம் ஐயத்தைத் தாமே அடக்கினார். சிறிய தந்தையாருக்கோ ஐயமே எழவில்லை. நாள்தோறும் குறையோடு பழகியவனுக்கு அக்குறை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தான் அறிந்திருப்பதையே அறியாதிருத்தல் என்று இதனைக் கூறலாம் போலும். அதற்கும் ஒருவன் பொறுப்பாளியா? பொறுப்பாளியே என்பது என் கருத்து. ஏனெனில், விற்பனை என்பது தான் அறிந்தவற்றைக் கணக்கெடுக்க வேண்டிய நேரமாகும். பெட்டியை ஒப்படைக்குமுன் அதனுள் என்ன இருக்கின்றது என்று பார்ப்பது போல, பொருளை ஒப்படைக்குமுன் அப்பொருளைப் பற்றித் தன் கைகள் அறிந்தவை எவை என்று ஒருமுறை நினைந்து பார்த்தல் வேண்டும். அவர் பார்க்கவில்லை. பார்த்தால் விலை குறையும் என்பதை உள்ளம் எங்கோ உணர்ந்திருந்தமையாற்றான் பார்க்கவில்லையோ என்னவோ, அதனை அவரே அறிவார்.

விற்பவன் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது மிகப் பழைய விவாதம். கி.மு. 44 ஆம் ஆண்டில் சிசரோ எழுதிய 'கடமைகள்' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில், பாபிலோனியராகிய டயோஜினிஸும் அவர் மாணவராகிய அன்ரிபாற்றரும் இவ்விடயத்தில் எதிரெதிர் நிற்பதைக் காண்கின்றோம். பஞ்சத்தால் வாடும் ரோட்ஸ் தீவுக்கு வணிகன் ஒருவன் தானியம் கொண்டுவருகின்றான். பின்னால் வேறு கப்பல்களும் தானியத்தோடு வருவதை அவன் அறிவான். அதனை வாங்குவோருக்குச் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும் என்பார் அன்ரிபாற்றர். மனிதர் யாவரும் ஒரே சமுதாயத்தவராதலின் ஒருவர் நலன் மற்றவர் நலனே என்பது அவர் அடிப்படை. டயோஜினிஸ், சட்டம் சொல்லும் குறைகளைக் கூறிப் பொய் சொல்லாதிருந்தாற் போதும், மற்றையவற்றைச் சொல்லாதிருத்தல் மறைத்தலாகாது என்பார். பழுதுள்ள வீட்டை விற்பவன் பற்றிய உதாரணமும் அங்கே உண்டு. சிசரோ இறுதியில் அன்ரிபாற்றர் பக்கமே சாய்கின்றார். தனக்கு ஆதாயம் வேண்டி, அறிந்தாற் பயன்பெறக்கூடியவரை அறியாமையில் வைத்திருப்பதே மறைத்தல் என்று அவர் வரையறை செய்கின்றார்.

நம் நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் டயோஜினிஸுக்கு நெருங்கிய உறவு. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அத்தகைய பொருளை வணிகமாகச் செய்பவரிடம் எதிர்பார்க்கும் தரப் பொறுப்பினை, தம்முடைய பழைய இயந்திரத்தை ஒருமுறை விற்கும் கடற்றொழிலாளியிடம் அது எதிர்பார்ப்பதில்லை. வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும். சட்டத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பீப்பாத் தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பவன் எவ்வளவுதான் விழிப்பாயிருக்க முடியும் என்பதே வினா. சுமையின்றி ஓடும் இயந்திரம் தன் குறையைக் காட்டாது. அலையை எதிர்த்து, வலையும் ஆளும் ஏற்றிய படகைத் தள்ளும்பொழுதே அது புலப்படும். அதாவது, வாங்குபவன் எத்துணை விழித்திருந்தாலும் காணக்கூடாத இடத்திலேயே குறை ஒளிந்திருக்கின்றது. அவ்விடத்தைக் காணும் கண் விற்பவனுக்கு மட்டுமே உண்டு.

வள்ளுவர் வணிகரை நினைவுகூர்ந்தது நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியிலேயாகும். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகம் என்பது அங்குப் பெறப்படும் கருத்து. வாய்மை அதிகாரத்திலோ, தீங்கு விளைக்காத சொல்லே வாய்மை என்று அவர் தொடங்குகின்றார். இவ்வரையறை பொய்யா விளக்கத்துக்குப் பொருந்துமா என்று உரைகாரர் காலமுதல் வாதாடப்பட்டுவருகின்றது. நன்மை பயக்கும் பொய்க்கு இடமளிப்பது என்று சிலர் இதனைக் குறைகூறுவதும் உண்டு. ஆயினும் அவ்வரையறையின் மறுபக்கத்தை எவரும் அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை. தீங்கின்மையே வாய்மைக்கு அளவுகோலாயின், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறியும் தீங்கு விளைத்த சொல் வாய்மையாகாது. "எனக்கு ஒருநாளும் நிண்டதில்லை" என்னும் சொற்றொடர் உண்மை. ஆனால் வள்ளுவர் அளவையில் அது வாய்மையன்று. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவதற்கு இதனைவிடப் பொருத்தமான உதாரணத்தை நான் எங்கும் கண்டதில்லை.

இனி, மறுபக்க வாதத்தையும் கேட்டல் வேண்டும். அதனை எடுத்துரைத்தவர் டயோஜினிஸைப் பற்றிக் கேள்விப்படாத என் சிறிய தாயார். 2022 இன் இறுதியில் இரண்டாவது இயந்திரத்தை விற்கும் பேச்சு வந்தபொழுது, எல்லாக் குறைகளையும் சொல்லியே விற்பேன் என்று சிறிய தந்தையார் கூறினார். அதற்கு அவர், "நாங்கள் வாங்கேக்க எங்களுக்கு ஆரும் சொன்னவையோ?" என்று கேட்டார். மூத்த மகளின் படிப்புச் செலவும், புதிய இயந்திரத்துக்கு வாங்கவிருக்கும் கடனும் அவர் மனத்தில் இருந்தன. இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கரையிலே எல்லோரும் மௌனமாகவே விற்று மௌனமாகவே வாங்கும்பொழுது, ஒருவர் மட்டும் வாய் திறந்தால் இழப்பு அவருக்கே. வாங்கியபொழுது பிறர் மௌனத்தின் சுமையைத் தாங்கியவர், விற்கும்பொழுது தம் வாய்மையின் சுமையையும் தாங்க வேண்டியவராகின்றார். வாய்மையின் செலவை எப்பொழுதும் இல்லாதவன் தலையிலேயே ஏற்றுவது எவ்வகை நீதி? மாத வேதனம் வாங்கிக்கொண்டு விரிவுரை மண்டபத்தில் நின்று அன்ரிபாற்றர் பக்கம் வாதிடுவது நமக்கு எளிது.

1970 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் பழைய மோட்டார் வாகனச் சந்தையை உதாரணமாகக் கொண்டு எழுதிய கட்டுரை இதனோடு தொடர்புடையது. பொருளின் தரத்தை விற்பவன் மட்டும் அறிந்து வாங்குபவன் அறியாதவிடத்து, வாங்குவோர் எல்லாப் பொருளையும் ஐயுற்று விலையைக் குறைப்பர். நல்ல பொருளை வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க விரும்பாது விலகுவர். இறுதியில் சந்தையில் எஞ்சுவன பழுதானவையே. இதனோடு நான் கண்ட ஒன்றையுஞ் சேர்த்துக்கொள்ளலாம். அத்தகைய சந்தையில் குறையைச் சொல்பவனுக்கு நம்பிக்கையும் கிடைப்பதில்லை. சிறிய தந்தையாரின் இயந்திரத்தைப் பார்க்க முதலில் வந்தவர் அவர் கூறிய குறைகளைக் கேட்டு வாங்காமலே போய்விட்டார். இவ்வளவைச் சொல்கிறவர் இன்னும் எவ்வளவை மறைத்திருப்பார் என்று அவர் வெளியே கூறியதாகப் பின்னர் அறிந்தோம்.

கழற்றி உறுப்புறுப்பாக விற்றுவிடலாமே என்று கேட்கலாம். தனியே கையில் எடுத்த உறுப்பின் தேய்வு எவர் கண்ணுக்கும் தெரியுமாதலால் அங்கு மறைப்புக்கு இடமில்லை. எஞ்சிய அலுமினியத்தைப் பழைய உலோகம் வாங்குவோர் எடை போட்டுக்கொள்வர். ஒழுக்கவியலுக்கு வசதியான வழிதான். ஆனால், ஓடக்கூடிய இயந்திரத்தை எடைக்குப் போடுவதற்கு அவர் கை எழவில்லை. அதனை ஒரு பற்று என்று நாம் இகழலாம். புதிய இயந்திரம் வாங்கும் வசதியற்ற ஒருவருக்கு அது இன்னும் சில ஆண்டுகள் சோறு போடும் என்ற எண்ணம் அதனுள் இருந்தது. அதனை வெறும் பற்று என்று சொல்ல நான் துணியேன்.

திருத்தி வைத்துக்கொண்டு தாமே ஓட்டியிருந்தால் இச்சிக்கல் எழுந்திராதே என்பாரும் உளர். அதுவும் முழு உண்மையன்று. படகில் அவர் தனியே போவதில்லை. உடன் செல்பவர் பங்குக்காரர். எஞ்சினைத் திருத்துவதா, இன்னும் ஒரு மாதம் பொறுப்பதா என்று தீர்மானிக்கும் பேச்சில் அவருக்கு இடமில்லை. ஆயினும் எஞ்சின் நின்றால் இருவரும் ஒருமிக்கவே மிதப்பர். விற்றாலும் வைத்திருந்தாலும், அறிந்தவன் அறியாதவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்ற வினா பின்தொடர்ந்தே வரும். உடன் செல்பவரிடம் 'இன்று எஞ்சின் சரியில்லை' என்று சொல்லிவிட்டுப் புறப்படுபவர் கரையிலே எத்தனை பேர்?

கடலும் எல்லாவிடத்தும் ஒன்றன்று. யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழங் குறைந்தது. அங்கு இயந்திரம் நின்றால் கோலூன்றிக் கரைசேரலாம்; அருகே வேறு படகுகளும் இருக்கும். வடமராட்சியின் திறந்த கடலில் உயிரச்சந் தரும் அதே குறை, கடனீரேரியில் ஒரு நாட் பிழைப்புக் கெடும் குறையாகச் சுருங்கிவிடுகின்றது. ஆதலால், என்ன சொல்லி விற்பது என்பதோடு யாருக்கு விற்பது என்பதும் ஒழுக்கவியல் வினாவே. இது நூல்களில் நான் காணாதது. கரையிலே நின்று கற்றது. சிறிய தந்தையார் கடனீரேரியில் இறால் வலை வைக்கும் இளைஞர் ஒருவரைத் தேடிப் பிடித்தார். விலையோ முதலில் நினைத்ததன் மூன்றில் இரண்டு பங்கிற்கும் குறைவு. சிறிய தாயார் இரண்டு நாட்கள் அதனைப் பற்றிப் பேசவே இல்லை.

பணத்தை வாங்குமுன் அவர் ஒன்று செய்தார். "உந்த எஞ்சின் என்ர சொல் கேக்கும் தம்பி, உன்ர சொல் கேக்குமோ தெரியாது" என்று கூறி, இளைஞரைத் தம்மோடு மூன்று விடியற்காலைகள் கடலுக்கு அழைத்துச் சென்றார். முதல் நாள் தாமே ஓட்டிக் காட்டினார். எப்பொழுது பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, எவ்வொலி கேட்டால் வேகத்தைக் குறைப்பது, கியர் எண்ணெயை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றுவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். மற்றை இரு நாட்களும் அவ்விளைஞரை ஓட்டச் செய்து, தாம் அணியத்திலே அமர்ந்து திரும்பிப் பாராமல் வந்தார். நீர்த்தாரை மெலிந்தபொழுது இளைஞர் தாமாகவே வேகத்தைக் குறைத்த பின்னரே, பாயின் கீழிருந்து அந்தக் கம்பியை எடுத்து அவர் கையிற் கொடுத்தாராம்.

பொருளொன்றின் விலையில் அதனைப் பற்றிய அறிவும் அடங்கும் எனின், அவ்வறிவை ஒப்படைக்கும்வரை விற்பனை நிறைவெய்தவில்லை என்றே கொள்ளல் வேண்டும். டயோஜினிஸும் அன்ரிபாற்றரும் சொல்வதா, சொல்லாது விடுவதா என்று வாதிட்டனர். வாயாற் சொல்லி முடியாத அறிவும் உண்டு. அதனைக் கைக்குக் கை கொடுப்பதற்கு நாட்கள் வேண்டும், மூன்று நாட்பாட்டின் எரிபொருள் வேண்டும், சிறிய தாயாரின் மௌனத்தையும் பொறுத்தல் வேண்டும். எல்லோராலும் இது இயலும் என்றோ, எல்லோரும் இதனைச் செய்தே ஆக வேண்டும் என்றோ நான் வாதிடவில்லை. 2011 இல் நடந்ததை அறியாதவர் எவரும் இவ்வளவு தூரம் சென்றிருப்பாரோ என்பதும் எனக்கு ஐயமே.

அவ்விளைஞர் கடந்த ஆண்டு நாலடிப்பு இயந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு, பழையதை வேறொருவருக்கு விற்றுவிட்டார் என அறிகின்றேன். வாங்கியவர் எக்கரையைச் சேர்ந்தவர், திறந்த கடலிற் தொழில் செய்பவரா என்பது தெரியவில்லை. கம்பியையும் சேர்த்துக் கொடுத்தாரா என்று சிறிய தந்தையார் ஆள் விட்டு விசாரித்தார். இன்னும் மறுமொழி வரவில்லை.